பிள்ளைகள் கையில் இஞ்சு டேப்பைக் கொடுங்கள்

ஜனவரி வந்துவிட்டால் தமிழ்நாட்டின் எந்த மாவட்டத் தலைநகரத்துக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஆட்சியர் கொடியசைக்கிறார். பள்ளிச் சீருடையில் பிள்ளைகள் இரட்டை வரிசையில் நடக்கிறார்கள். கையில் அட்டை, அட்டையில் ‘தலைக்கவசம் உயிர்க்கவசம்’. முச்சந்தியில் கல்லூரி மாணவர் ஒருவர் எமன் வேடம் கட்டி நிற்கிறார். ஹெல்மெட் இல்லாமல் வருபவர் கழுத்தில் பாசக்கயிறு விழுகிறது, ஹெல்மெட்டோடு வருபவருக்கு ரோஜாப்பூ கிடைக்கிறது. மறுநாள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் படம். அந்தச் சாலையில் பிள்ளைகள் நடக்க நடைபாதை இல்லை, அதனால்தான் போலீஸ்காரர்கள் கயிறு பிடித்துக்கொண்டு கூடவே போக வேண்டியிருந்தது என்ற விவரம் மட்டும் படக்குறிப்பில் இருப்பதில்லை.

இந்தச் சடங்கைத் தாங்கி நிற்பது ஒரு நம்பிக்கை. சாலையில் சாவு நடக்கக் காரணம் மக்களிடம் விழிப்புணர்வு இல்லாதது. துடிப்பான இளைஞர்கள் தெருத்தெருவாகப் போய் அதை ஊட்டினால் சாவு குறையும். ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், பள்ளித் தாளாளர், அரிமா சங்கத் தலைவர், தலையங்கம் எழுதும் பத்திரிகையாளர் என்று யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். எதிர்க்கட்சிகூட எதிர்க்காத கருத்து இது. நான் எதிர்க்கிறேன். இது தவறான கருத்து என்பதோடு, தீங்கான கருத்தும்கூட.

தேசிய சாலைப் பாதுகாப்பு வாரம் 2021இல் மாதமாக நீட்டப்பட்டபோது அது 32ஆவது முறை. அடுத்த ஆண்டு, 2022இல், நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள், 1,68,491 சாவுகள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே கணக்குக் கொடுத்தது. விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இங்கே இறந்தவர்கள் 17,884 பேர். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 49. வாகனங்கள் பெருகிவிட்டன, அதனால் எண்ணிக்கையும் ஏறியது என்பார்கள். நியாயம்தான். இந்த எண்களை மட்டும் வைத்து ஊர்வலங்கள் தோற்றுவிட்டன என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே மருந்தைக் கொடுத்துவரும் வைத்தியர், அது வேலை செய்ததா என்று ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டாமா? ஊர்வலம் போன தெருவில் அடுத்த ஆறு மாதத்தில் எத்தனை பேர் அடிபட்டார்கள் என்று கேட்டு யாரும் எழுதுவதில்லை. எத்தனை மாணவர்கள் நடந்தார்கள் என்பதுதான் செய்தியில் வருகிறது.

முதலில், யாரிடம் இல்லை இந்த விழிப்புணர்வு? பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு வருகிறவரைப் பாருங்கள். தூரத்தில் வெள்ளைச் சட்டை தெரிந்ததும் ஓட்டிக்கொண்டே எடுத்து மாட்டுகிறார், சிக்னல் தாண்டியதும் கழற்றுகிறார். ஹெல்மெட் எதற்கு, சட்டம் என்ன சொல்கிறது, எந்த முனையில் எத்தனை மணிக்கு வண்டியை மடக்குவார்கள் என்பதெல்லாம் இவருக்கு அத்துப்படி. இவரைவிட விழிப்பான மனிதரை எங்கே தேடுவது? சாவு எங்கோ இருக்கிறது, போலீஸ்காரர் எதிரே நிற்கிறார் என்று கணக்குப் போடுகிறவரிடம் போய் சாவைப் பற்றிப் பாடம் நடத்த ஒன்பதாம் வகுப்புப் பையனை அனுப்புகிறோம்.

ஹெல்மெட்டுக்கு நான் எதிரி இல்லை. முறையான ஹெல்மெட் சாவின் வாய்ப்பை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்பது பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துச் சொல்லப்பட்ட முடிவு. கேள்வி அதைத் தலையில் ஏற்றுவது எது என்பதுதான். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயம் என்றானபோது, கடைகளில் ஹெல்மெட் வாங்க ஜனம் முண்டியடித்தது நினைவிருக்கும். ஜூன் மாதத்தில் யாருக்கும் திடீரென்று ஞானம் பிறந்துவிடவில்லை, அபராதம் வரும் என்று தெரிந்தது. பிறகு பிடி தளர்ந்ததும் ஹெல்மெட்டும் டேங்குக்கு இறங்கிவந்தது. ஆண்டு முழுக்கச் சலிக்காமல் நடக்கும் சோதனை செய்யும் வேலையை ஜனவரி மாத ரோஜாப்பூ செய்யாது.

வெளிநாடுகளில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். மருத்துவ ஆய்வுகளைச் சல்லடை போட்டுச் சலிக்கும் காக்ரேன் அமைப்பு, பாதசாரிகளுக்கு, அதிலும் பெரும்பாலும் குழந்தைகளுக்கு, சாலையைக் கடக்கக் கற்றுக்கொடுக்கும் திட்டங்களை இருபது ஆண்டுகளுக்கு முன்பே மதிப்பிட்டது. பிள்ளைகளின் அறிவு கூடுகிறது, சாலையில் நடந்துகொள்ளும் விதமும் ஓரளவு மாறுகிறது. ஆனால் அடிபடுவது குறைந்தது என்று ஒரு சோதனைகூடக் காட்டவில்லை. பள்ளியில் ஓட்டுநர் பயிற்சி கொடுப்பதைப் பற்றிய மதிப்பீடு இன்னும் மோசம். விபத்து குறைந்ததற்குச் சான்று இல்லை, பயிற்சி பெற்ற பிள்ளைகள் சீக்கிரமே உரிமம் வாங்கி ரோட்டுக்கு வந்ததுதான் மிச்சம். பாடம் கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. பாடத்தை நடத்திவிட்டு, கடமை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்து போகக் கூடாது.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பின் பிரம்மாஸ்திரம் வரும். 2022இன் சாவுகளில் 71 சதவீதத்துக்குக் காரணம் அதிவேகம் என்று அதே அரசு அறிக்கை சொல்கிறதே, மனிதத் தவறுதானே காரணம்?

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். வருவது காவல் நிலையத்திலிருந்து. எந்த விபத்து எஃப்.ஐ.ஆரை எடுத்தாலும் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’ என்ற தொடர் அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். யாரோ ஒரு ஓட்டுநர் மேல் குற்றம் இருந்தால்தான் வழக்கு நிற்கும், இழப்பீடு கிடைக்கும். வளைவின் கோணம், எரியாத விளக்கு, மீடியனில் விட்ட இடைவெளி, வடிகால் மூடியின் உயரம் இவற்றை எழுத அந்த நடையில் இடமே கிடையாது. வேகம் கொல்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும்; ஒன்பதாம் வகுப்பு இயற்பியல். ஆனால் வேகம் ஓட்டுகிறவன் மனசில் மட்டுமா பிறக்கிறது? ஊருக்கு நடுவே அறுபது அடி அகலத்துக்கு நேர்கோடாகத் தார் போட்டு, வழுக்கிக்கொண்டு போகும்படி வழவழப்பாக்கி, ஓரத்தில் ‘30’ என்று ஒரு பலகை நட்டால், வண்டி தாருக்குக் கட்டுப்படுமா பலகைக்குக் கட்டுப்படுமா? சென்னையில் 2023 நவம்பரில் குடியிருப்புச் சாலைகளுக்கு 30 கிலோமீட்டர் என்று வரம்பு அறிவித்தார்கள். சரியான வரம்பு, 2020இன் ஸ்டாக்ஹோம் பிரகடனமே பரிந்துரைத்த வேகம். அதற்காக எந்தத் தெருவின் அகலம் குறைந்தது, எந்த முனை கூர்மையாக்கப்பட்டது என்று தேடிப் பாருங்கள்.

தர்மபுரி மாவட்டத்துத் தொப்பூர் கணவாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44ஆம் எண் நெடுஞ்சாலை சேலத்தை நோக்கி இறங்கும் இடம். சரிவும் வளைவும் சேர்ந்த சில கிலோமீட்டரில் ஆண்டாண்டாக லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகள் மேல் ஏறுகின்றன. 2024 ஜனவரியில் அப்படி ஒரு தொடர் மோதலில் நான்கு பேர் இறந்த காட்சி கண்காணிப்புக் கேமராவில் பதிவாகி நாடு முழுக்கச் சுற்றியது. பஞ்சாபிலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பத்திரமாக ஓட்டி வந்த ஓட்டுநருக்குத் தொப்பூர் வந்ததும் விழிப்புணர்வு கழன்று விழுந்துவிடுகிறதா? டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடுகிறார்கள் என்பது உண்மை. எல்லா இறக்கத்திலும் விடுகிறார்கள், இங்கே சாகிறார்கள். கடைசியில் நெடுஞ்சாலை ஆணையமே பாதையை மாற்றி உயர்மட்டச் சாலை போடும் திட்டத்துக்கு வந்து சேர்ந்தது. குற்றம் எங்கே என்பதற்கு இதைவிட ஒப்புதல் வாக்குமூலம் வேண்டுமா? எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்ற பழமொழியை நம் ஊரில் தெரியாதவர் இல்லை, சாலை விஷயத்தில் மட்டும் அது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

நாலுவழிச் சாலை ஊரை இரண்டாகப் பிளந்த கிராமங்களில் இது இன்னும் அப்பட்டம். வீடு ஒரு பக்கம், வயலும் பள்ளியும் மறுபக்கம். சுரங்கப்பாதை இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும், மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும். அதனால் மீடியனில் ஊர்க்காரர்களே ஒரு வழி உண்டாக்கிக்கொள்கிறார்கள். புடவையைத் தூக்கிச் செருகி, பேரனை இடுப்பில் இடுக்கி, இரு பக்கமும் பார்த்து ஓடுகிற பாட்டிக்கு ஆபத்து தெரியாதா? அந்த ஓட்டமே தெரிந்ததன் அடையாளம். அவளிடம் ‘சாலையைக் கவனமாகக் கடப்பீர்’ என்று துண்டுப் பிரசுரம் நீட்டுவதற்குத் துணிச்சல் வேண்டும்.

மதுவுக்கு வருவோம். ‘குடித்துவிட்டு வாகனம் ஓட்டாதீர்’ அட்டை எல்லா ஊர்வலத்திலும் உண்டு. கடை யாருடையது? அரசுடையது. நெடுஞ்சாலையோரக் கடைகளை எதிர்த்து வழக்கறிஞர் கே. பாலு நடத்திய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில், 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகளை மூட வேண்டி வந்தது. அப்போது அரசுகள் என்ன செய்தன? சாலையின் வகையையே மாற்றி, நெடுஞ்சாலையை உள்ளூர்ச் சாலை ஆக்கிக் கடையைக் காப்பாற்றப் பார்த்தன. தமிழ்நாட்டிலும் அந்த முயற்சி நடந்து உயர் நீதிமன்றம் வரை போயிற்று. நகராட்சி எல்லைக்குள் உத்தரவு செல்லாது என்று 2017 ஜூலையில் விளக்கம் கிடைத்ததும் மூச்சு வந்தது. பாரை ரோட்டோரம் வைத்து, பார் வாசலில் பைக் நிறுத்த இடமும் விட்டுவிட்டு, அங்கிருந்து கிளம்புகிறவனைத் திருத்தும் பொறுப்பை எட்டாம் வகுப்பு மாணவியிடம் ஒப்படைக்கும் இந்த ஏற்பாட்டுக்கு நோகாமல் நோன்பு கும்பிடுவது என்று பெயர்.

அட்டை பிடிப்பதால் நன்மை இல்லாவிட்டால் போகிறது, கெடுதல் என்ன என்று கேட்பார்கள். கெடுதல் உண்டு. ஆண்டுதோறும் பிள்ளைகள் மனசில் ஒரு பாடம் பதிகிறது: அடிபட்டவன் ஏதோ தவறு செய்திருப்பான். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள், 19.5 சதவீதம் பேர் நடந்து போனவர்கள். இறந்தவர்களில் மூன்றில் இரண்டு பேர் 18 முதல் 45 வயதுக்குள். அதாவது அட்டை பிடிக்கிற தலைமுறைதான் சாகிறது. அதனிடமே ‘நீதான் காரணம்’ என்று சொல்லி, அதன் வாயாலேயே ஊருக்கும் சொல்ல வைக்கிறோம். சாலை போட்டவரும் டெண்டர் எடுத்தவரும் அனுமதி கொடுத்தவரும் கொடியசைக்கும் மேடையில் நிற்கிறார்கள்.

2017 நவம்பரில் கோவை அவினாசி சாலையில், நூற்றாண்டு விழாவுக்காகச் சாலையை மறித்து நட்டிருந்த அலங்கார வளைவுக்கு அருகே, விடிவதற்கு முன் பைக்கில் வந்த இளம் பொறியாளர் ஒருவர் இறந்தார். சில நாட்களில் அந்த இடத்தில் தார் மேலேயே பெரிய எழுத்துகளில் ஒரு கேள்வி வரையப்பட்டிருந்தது: அவர் பெயரைச் சொல்லி, அவரைக் கொன்றது யார் என்று. எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டில் நடந்த ஆகச் சிறந்த சாலைப் பாதுகாப்புப் பிரசாரம் அதுதான். ஆட்சியர் கொடியசைக்கவில்லை, எமன் வரவில்லை, டி-சர்ட்டுக்கு யாரும் நன்கொடை தரவில்லை. இரண்டாண்டு கழித்துப் பள்ளிக்கரணையில் 23 வயதுப் பெண் மேல் சட்டவிரோத பேனர் விழுந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியபோது, மக்கள் கேட்டது ‘பேனர் வைத்தது யார்’ என்ற கேள்வியை. நீதிமன்றம் காய்ச்சியது. பேனர் வைக்காதீர்கள் என்று கட்சித் தலைமைகளே தொண்டர்களுக்குச் சொல்ல வேண்டி வந்தது. யாரும் அந்தப் பெண்ணுக்கு விழிப்புணர்வு போதவில்லை என்று சொல்லத் துணியவில்லை. அந்த நாகரிகத்தை மற்றச் சாவுகளுக்கும் நீட்டித்தால் என்ன என்பதுதான் என் வழக்கு.

நெதர்லாந்தில் நீட்டித்தார்கள். 1971இல் அந்தச் சின்ன நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் சாலையில் இறந்தார்கள். அதில் நானூறுக்கும் மேல் குழந்தைகள். மகளைச் சாலையில் பறிகொடுத்த விக் லாங்கன்ஹோஃப் என்ற பத்திரிகையாளர் 1972இல் எழுதிய கட்டுரையின் தலைப்பு ‘குழந்தைக் கொலையை நிறுத்து’. அதுவே ஓர் இயக்கத்தின் பெயரானது. அதே ஆண்டு ஆம்ஸ்டர்டாமின் டி பேய்ப் பகுதிச் சிறுவர்கள், விளையாட இடமில்லாமல் கார்கள் அடைத்துக்கொண்ட தங்கள் தெருவைத் தாங்களே மறித்தார்கள். கோபமாக வந்த கார்க்காரர்களோடு மல்லுக்கு நின்றார்கள். அதைப் படமெடுத்துத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். ‘பார்த்துக் கடப்போம்’ என்று அந்தப் பிள்ளைகள் உறுதிமொழி எடுக்கவில்லை, தெருவைத் திருப்பிக் கேட்டார்கள். 1973இன் எண்ணெய் நெருக்கடியும் அந்த இயக்கத்துக்குக் கைகொடுத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்று அங்கே ஆண்டுச் சாவு எழுநூறு அளவில் நிற்கிறது. அவர்கள் இயல்பிலேயே ஒழுங்கானவர்கள், நம் ஜனம் திருந்தாது என்று பெருமூச்சு விடுகிறவர்கள், ஐம்பதாண்டுக்கு முந்தைய ஆம்ஸ்டர்டாம் தெருப் படங்களை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். கோவையில் எலும்பு முறிவுச் சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். நொறுங்கிய எலும்புகளை ஒட்டிக்கொண்டே இருந்தவர், நொறுங்காமல் இருக்க என்ன வழி என்று அரசைக் கேட்டார். 2017 நவம்பர் 30இல் வந்த தீர்ப்பில் இருபதுக்கும் மேற்பட்ட கட்டளைகள். பள்ளியில் சாலைப் பாதுகாப்புப் பாடம் அவற்றில் ஒன்றே ஒன்று. சாலைத் தணிக்கை, விபத்து நடக்கும் இடங்களைத் திருத்துவது, சிகிச்சை மையங்கள், ஆட்சியர் தலைமையில் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு, அதில் பொதுமக்கள் தரப்பிலும் ஆள் என்று மற்றவை நீள்கின்றன. நம் நிர்வாகம் ஒற்றைப் பாடத்தை மட்டும் ஆசையாகப் பிடித்துக்கொண்டது, ஏனென்றால் அதற்கு ஜல்லியும் வேண்டாம் சிமெண்டும் வேண்டாம். 2019இன் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 198ஏ என்று ஒரு பிரிவு வந்திருக்கிறது: சாலையைத் தரமில்லாமல் வடிவமைத்து, போட்டு, பராமரித்து அதனால் சாவோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரிக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஓர் உயிருக்கு ஒரு லட்சம் என்பது சிரிக்கத்தக்க தொகை. அதையாவது யாரேனும் கட்டியதாகச் செய்தி படித்த ஞாபகம் உங்களுக்கு இருக்கிறதா? ஹெல்மெட் இல்லாமல் ஆயிரம் ரூபாய் கட்டிய பத்துப் பேரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இளைஞர்கள் ஒதுங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அட்டையைப் பிடுங்கிக்கொண்டு இஞ்சு டேப்பைக் கொடுங்கள் என்கிறேன். இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாக ஊர்ப் பெரிய மனிதர் வீட்டு வாசலில் முளைக்கும் முதுகெலும்பு முறிக்கும் மேட்டை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அளந்து சொல்லிவிடுவார்கள். நடைபாதையில் தடங்கலில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர், விளிம்பு உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பள்ளிக்கு வெளியே இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவே தூரத்தை அளந்து, கைபேசியின் கடிகாரத்தை வைத்துப் பேருந்து அதைக் கடக்கும் நேரத்தைக் குறித்தால் வேகம் தெரிந்துவிடும். தூரத்தை நேரத்தால் வகுக்க நாட்டு நலப்பணித் திட்ட முகாம் தேவையில்லை.

பிள்ளைகளிடம் மட்டுமே இருக்கிற ஒரு தகவலும் உண்டு. அரசுக் கணக்கில் ஓர் இடம் விபத்துக் கரும்புள்ளி ஆக வேண்டுமென்றால், 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் சாவோ கொடுங்காயமோ நேர்ந்த ஐந்து விபத்துகள் நடந்திருக்க வேண்டும், அல்லது பத்துப் பேர் செத்திருக்க வேண்டும். பிணம் விழும்வரை அந்த விதி காத்திருக்கும். சென்னை ஐஐடி உருவாக்கிய விபத்துத் தகவல் தளம் இன்று நாடு முழுக்க இயங்குகிறது. அதிலும் ஏறுவது நடந்து முடிந்த விபத்துதான். மயிரிழையில் தப்பியது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. எந்த வளைவில் மணல் லாரி சைக்கிளை உரசும், எந்த நிறுத்தத்தில் பேருந்து நடுரோட்டில் நிற்கும், எந்த இடத்தில் மழை பெய்தால் குழி கண்ணுக்குத் தெரியாது என்பதெல்லாம் தினமும் அதில் போய்வரும் ஒன்பதாம் வகுப்புக்குத் தெரியும். ஒரு வகுப்பறை ஒரு மாதம் இதை நோட்டில் குறித்தால், மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவிடம் இல்லாத வரைபடம் ஒன்று தயாராகிவிடும், யாரும் சாவதற்கு முன்பே.

உடனே தலைமையாசிரியர் நெளிவார். சார், இது அரசியல் ஆகிவிடும். பொறியாளர் வேலையைப் பிள்ளைகள் செய்யலாமா? ரோட்டில் நிறுத்தினால் ஆபத்து இல்லையா? கடைசிக் கேள்விக்குப் பதில் சுலபம். ஜனவரியில் அட்டையோடு அதே ரோட்டில்தான் நிறுத்துகிறீர்கள். அரசியலா என்றால், ஆம். பொதுப் பணத்தில் போட்ட சாலை யாருடைய வசதிக்காகப் போடப்படுகிறது என்பது அரசியல் கேள்விதான். காரில் போகிறவர் ஐந்து நிமிடம் முன்னால் போவதற்காக நடக்கிறவர் இரண்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டும் என்று ஏற்கெனவே யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். அதைக் கேள்வி கேட்டால்தான் அரசியல், வாய்மூடி அட்டை பிடித்தால் சமூகசேவை என்ற பாகுபாடு எனக்குப் புரியவில்லை. பொறியாளர் வேலையைச் செய்யச் சொல்லவில்லை, பொறியாளரிடம் கேட்கச் சொல்கிறேன்.

கேட்பதற்கு வழியும் இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் வில்லை ஒட்டி, ஆசிரியரோ பெற்றோரோ கையெழுத்துப் போட்டால் போதும். எங்கள் பள்ளி முன்னுள்ள சாலைக்குக் கடைசியாகப் பாதுகாப்புத் தணிக்கை நடந்த தேதி என்ன? தணிக்கை அறிக்கையின் நகல் வேண்டும். பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மூன்று ஆண்டுகளில் பதிவான விபத்துகள் எவை? மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு இந்த ஆண்டு எத்தனை முறை கூடியது, கூட்டக் குறிப்புகள் எங்கே, அதில் பொதுமக்கள் தரப்பு உறுப்பினர் யார்? இந்த மாவட்டத்தில் 198ஏ பிரிவின்கீழ் எத்தனை வழக்குகள்? முப்பது நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் ஆணையம். டிசம்பர் முதல் வாரத்தில் அனுப்பினால், ஆட்சியர் கொடியைக் கையில் எடுக்கும் நேரத்துக்குக் கெடு முடிந்திருக்கும்.